நிறப்பட்டையின் ஓரத்தில் ஒரு சிவப்பு மணி

பெம்பான்,
13 ஆகஸ்ட் 1933

சரோஜினிக்கு,

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே, பொழுதுபட்டு இருள் கூடியதும், தங்கையா மச்சான் வீட்டுப் பின்வாசலுக்கு வந்து உச்சிக்குச் சற்றுத் தெற்கே பார். நம்முடைய நட்சத்திரம் எழும்பிவிட்டது.

எது என்று உனக்குத் தெரியும். முகில் இல்லாத மாலைகளில் எல்லாம் நாமிருவரும் தொலைநோக்கியில் தேடித் தேடிப் பிடிப்போமே, ஒரு மங்கல் பொட்டு, அதுதான். 1898-இல், நாம் பிறக்கும் முன்னே, ஒருமுறை திடீரெனப் பொங்கி அடங்கியதாம். மறுபடி பொங்குமா என்று யாருக்கும் தெரியாது. நேற்று எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரசர் வேலையாகப் பிள்ளைகளின் புண்களுக்கு மருந்து கட்டி முடித்து, கை கழுவிக்கொண்டு முற்றத்தில் நின்று நிமிர்ந்தேன். நட்சத்திரம் இருக்கக் கூடாத இடத்தில் ஒன்று நின்றது. வெறும் கண்ணுக்கே தெரிந்தது. நட்சத்திரப் படத்தை எடுத்து வந்து ஒப்பிட்டேன். அதேதான்.

உடனே உள்ளே திரும்பி உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி ஆயா குஞ்சம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அம்மா மலாக்காவுல இல்ல இருக்காங்க, டிரசரையா" என்றாள்.

உன் கண் என் கண்ணைவிடக் கூர்மையானது. உன் ஐயா தந்த இரட்டைக்குழல் கண்ணாடியும் உன்னிடம் இருக்கிறது. முன்பு செய்தது போலவே செய். பக்கத்தில் அதைவிடப் பிரகாசமானது ஒன்று, மங்கலானது ஒன்று, இவற்றுக்கு நடுவில் இது எங்கே நிற்கிறது என்று கணித்து எண் போடு. என் எண்ணை நான் இதில் எழுதவில்லை. தெரிந்துவிட்டால் உன் கண் அதன் பக்கம் சாயும்.

ஒருவர் பார்த்தது கண்மயக்கு. இருவர் பார்த்தால்தான் வானியல் சங்கத்தார் நம்புவார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சிற்றம்பலம்

*

மலாக்கா,
17 ஆகஸ்ட் 1933

அத்தானுக்கு,

பார்த்தேன். என் எண்களைத் தனித் தாளில் எழுதி மடித்து வைத்திருக்கிறேன். முதலில் உங்கள் எண்களை எழுதி வைத்துவிட்டுப் பிறகு பிரியுங்கோ.

சித்திரைக்குப் பிறகு இதுதான் உங்களிடமிருந்து வந்த முதல் கடிதம். இரண்டு பக்கம் வாசித்தேன். மாறுதல் கேட்டீர்களா இல்லையா என்று ஒரு வரி இல்லை. நான் எதற்காக அந்த எஸ்டேட்டை விட்டு வந்தேன் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. இரண்டாம் முறை காய்ச்சல் வந்து, நாலு மாதப் பிள்ளையும் கரைந்து போன பிறகு, இனி அந்தப் பக்கம் இருக்கக் கூடாது என்று டாக்டர் உங்களுக்கு முன்னால்தான் சொன்னார். சித்திரைக்குள் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு மாறி வந்துவிடுவேன் என்றீர்கள். சித்திரை வந்தது. நீங்கள் வரவில்லை.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். ரப்பர் விலை விழுந்து ஆட்களைக் குறைத்துவிட்டார்கள், மூன்று டிவிஷனுக்கும் நீங்கள் ஒருவர்தான், விட்டு வந்தால் அந்தச் சனத்துக்கு யார். இதை நீங்கள் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். எனக்கு யார் என்று நான் கேட்டதற்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.

அண்ணை சாப்பிடும்போது, "நட்சத்திரம் பாக்க அவருக்கு நேரம் இருக்கு. ஒரு விண்ணப்பம் எழுத நேரம் இல்லையாக்கும்" என்றார். நான் எழும்பிப் போய்விட்டேன்.

நட்சத்திரத்தைப் பற்றி எழுதுவதானால் எழுதுங்கோ. அதற்குப் பதில் போடுவேன்.

சரோஜினி

பி.கு. குஞ்சம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கோ.

*

பெம்பான்,
24 ஆகஸ்ட் 1933

சரோஜினிக்கு,

என் எண்களை எழுதி வைத்துவிட்டுத்தான் உன் தாளைப் பிரித்தேன். ஒரு மாலை தவிர எல்லாம் ஒட்டி வருகின்றன. அந்த ஒரு மாலையும் இங்கே முகில். உன் எண்களுக்குப் பக்கத்தில் என் எண்களை எழுதிப் பார்த்தபோது, சமையலறை மேசையில் எதிரெதிரே இருந்து எழுதியது போல இருந்தது.

நட்சத்திரம் வேகமாக மங்குகிறது. இப்போது வெறும் கண்ணுக்கு இல்லை. ஆனால் இன்னொரு செய்தி இருக்கிறது. போன வருடம் நீ கேலி செய்தாயே, "விலை கூடின கண்ணாடித் துண்டு" என்று, அந்தப் பட்டகத்தைத் தொலைநோக்கியில் பூட்டினேன். சாதாரண நட்சத்திரத்தை அதில் பார்த்தால் வானவில்லைக் கிழித்துப் போட்டது போல ஒரு மெல்லிய நிறப்பட்டை தெரியும், விட்டுப்போகாமல் ஒரே நீளமாக. இது அப்படி இல்லை. பட்டை மங்கலாகக் கிடக்க, அதன் சிவப்புக் கோடியில், சற்றுத் தள்ளி, தனியாக ஒரு மணி. குன்றிமணியின் சிவப்பு. நட்சத்திரம் கக்கிய ஹைட்ரஜன் வாயு எரிகிற ஒளி அது என்று புத்தகம் சொல்கிறது. வெளிச்சம் ஓரிடத்தில் குவிந்து நிற்பதால் மணிபோலத் தெரிகிறது.

நீ இதைப் பார்க்க வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

மாறுதலைப் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே காய்ச்சல் தொடங்கிவிட்டது. செலவைக் குறைக்க வடிகால் கான்களுக்குக் கொசு எண்ணெய் தெளிப்பதை நிறுத்தினார்களே, அதன் பலன். கீழ் லயத்தில் வீட்டுக்கு ஒருவர் படுக்கை. கங்காணி மாயாண்டி தன் பெண்சாதியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். இந்த நேரத்தில் நான் என்ன விண்ணப்பம் எழுத? கோபிக்காதே. கோபித்தாலும் எழுது.

நான் நன்றாக இருக்கிறேன். தடுப்புக்குக் குவினைன் எடுத்து வருகிறேன்.

சிற்றம்பலம்

*

மலாக்கா,
31 ஆகஸ்ட் 1933

அத்தானுக்கு,

சிவப்பு மணியைப் பற்றி எழுதியதை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். சந்திராதேவி அண்ணி ஒன்றுக்கும் ஆச்சரியப்படுகிறவ இல்லை, உங்களுக்குத் தெரியும். "அங்கத்தைய நெருப்பு இஞ்ச தெரியுதோ" என்று கேட்டா. பிறகு தானே கண்ணாடியை வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டா. அண்ணை சாப்பாட்டுக்குக் காத்திருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பள்ளியில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கும் சொன்னேன். ஒருத்தி, "டீச்சர், அது செத்துப் போகுதா?" என்று கேட்டாள். இல்லை, முன்பும் ஒருமுறை இப்படிச் செய்து பிறகு பழையபடி ஆகியிருக்கிறது என்றேன். சொல்லிவிட்டு எனக்கே அது ஆறுதலாக இருந்தது.

என் எண்கள் இதனுடன். நட்சத்திரத்துக்குத் தெற்கே முக்கோணமாக நிற்கும் மூன்று சின்ன வெள்ளிகளைத்தான் இப்போது ஒப்பிடப் பிடித்திருக்கிறேன். பட்டணத்து விளக்குகளையும் மீறிக் கண்ணாடியில் தெரிகின்றன. உங்கள் இருட்டில் பளிச்சென்று இருக்கும்.

குவினைன் எவ்வளவு எடுக்கிறீர்கள்? எனக்குத் தந்தபோது காதில் வண்டு இரைந்ததே, அதுபோல இரைகிறதா? மற்றவர்களுக்கு அளந்து கொடுக்கிற கை தனக்கு என்று வரும்போது அளக்காது. நான் பார்த்திருக்கிறேன்.

இந்த முறை மாறுதலைப் பற்றிக் கேட்கவில்லை. மாயாண்டியின் பெண்சாதி எழும்பிவிட்டாளா?

சரோ

*

பெம்பான்,
12 செப்டம்பர் 1933

சரோ,

பதில் தாமதித்ததற்குப் பொறுத்துக்கொள். எனக்கும் காய்ச்சல் வந்துவிட்டது. படுத்துக்கிடக்க நேரமில்லாததால் குவினைனைக் கூட்டி எடுத்தேன். இப்போது எழும்பி நடமாடுகிறேன். காதில் உன் வண்டுதான், வேறொன்றும் இல்லை. மாயாண்டியின் பெண்சாதி எழும்பிவிட்டாள். பெத்தம்மாள் என்ற கிழவி போய்விட்டாள்.

நட்சத்திரச் செய்தி பெரியது. கவனமாகக் கேள். சிவப்பு மணி மறைந்துவிட்டது. காய்ச்சலுக்கு முன் பார்த்தபோது சுடர்விட்டது. எழும்பி வந்து பார்த்தால் இல்லை. தொடர்ந்து பார்த்தேன், இல்லவே இல்லை. வாயு ஒரு வாரத்துக்குள் அணைந்துவிட்டது என்றுதானே பொருள்? இவ்வளவு சீக்கிரம் அணையும் என்று நான் படித்த எதிலும் இல்லை. நட்சத்திரமும் நான் எதிர்பார்த்ததைவிட வெகுவாக மங்கிவிட்டது. சங்கத்துக்கு விவரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த கப்பலுக்குப் போய்விடும். சரோ, பெம்பான் காட்டிலிருந்து ஒரு டிரசர் எழுதுவதை அவர்கள் அச்சில் போடக்கூடும். உன் பெயரையும் சேர்த்துத்தான்.

இங்கே எங்கோ காடு எரிக்கிறார்கள் போலும், வானத்தில் மூட்டம். நீ சொன்ன முக்கோணம் கண்ணாடி இல்லாமல் மட்டுமல்ல, தொலைநோக்கியிலும் சரியாகப் பிடிபடவில்லை. நேற்று முற்றத்தில் வாளி ஒன்று கிடந்ததைப் பாராமல் தடுக்கி விழுந்தேன். குஞ்சம்மா சிரிக்கிறாள். காடு எரிந்து அடங்கட்டும்.

சிற்றம்பலம்

*

மலாக்கா,
15 செப்டம்பர் 1933

அத்தான்,

இதை மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். நேரே சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தைச் சங்கத்துக்கு அனுப்பாதீர்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றும் மறுநாளும் முற்றத்தில் நின்று பார்த்தேன். முக்கோணம் இருக்கிறது. மூன்றும் இருக்கின்றன. கடற்கரைப் பட்டணத்தில், தெரு விளக்குக்குப் பக்கத்தில், சின்னக் கண்ணாடியில் எனக்குத் தெரிவது, எஸ்டேட் இருட்டில் தொலைநோக்கியில் உங்களுக்கு ஏன் தெரியவில்லை? மூட்டம் என்கிறீர்கள். பெம்பானிலிருந்து பஸ்ஸில் வந்த மரக்கறிக்காரியைக் கேட்டேன். "பொகையா? வானம் கழுவி விட்டாப்ல இருக்கு தாயி" என்றாள்.

உங்கள் கடிதத்தையே எடுத்துப் பாருங்கோ. உங்கள் வரிகள் அச்சடித்தது போல நேராக இருக்கும். இந்தக் கடிதத்தில் ஒரு வரி மற்றதன் மேல் ஏறிக் கிடக்கிறது. வாளியில் தடுக்கி விழுந்திருக்கிறீர்கள்.

நட்சத்திரம் இல்லை அத்தான். உங்கள் கண்.

குவினைன் கூடினால் பார்வையைத் தாக்கும் என்று நீங்கள்தான் எனக்கு ஒருமுறை சொன்னீர்கள். தயவுசெய்து இன்றே நிறுத்துங்கோ. பொழுதுபட்டதும் தென்மேற்கே கேட்டை நட்சத்திரத்தைப் பாருங்கோ. பார்த்துவிட்டு, யோசிக்காமல், அது என்ன நிறம் என்று எழுதுங்கோ.

உங்களைச் சிறுமைப்படுத்த இதை எழுதவில்லை. உங்கள் பெயரில் பிழையான ஒன்று அச்சேறிவிடக் கூடாது. அதைவிட, நீங்கள் இருட்டில் தனியே நடந்து திரியக் கூடாது.

சரோ

*

பெம்பான்,
18 செப்டம்பர் 1933

சரோஜினிக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

சித்திரையில் உன் உடம்பைச் சொல்லி என்னை இங்கிருந்து கிளப்பப் பார்த்தாய். அது நியாயம், நான் மறுக்கவில்லை. இப்போது என் உடம்பைச் சொல்கிறாய். எட்டு வருடம் நட்சத்திரம் பார்க்கிறவனுக்குத் தன் கண்ணைத் தெரியாதா? காய்ச்சலில் எழும்பியவனுக்குக் கொஞ்சம் மங்கல் இருக்கும், போய்விடும்.

கேட்டையின் நிறம் கேட்டாய். சிவப்பு. கேட்டை எப்போதும் சிவப்புதானே.

காய்ச்சல்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். சங்கத்துக்கான கடிதம் எழுதி முடித்துவிட்டேன். வரும் திங்கட்கிழமைத் தபாலில் போகும்.

சிற்றம்பலம்

*

மலாக்கா,
20 செப்டம்பர் 1933

அத்தான்,

என்ன நிறமாகத் தெரிகிறது என்று கேட்டேன். எப்போதும் என்ன நிறம் என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை பகல் பஸ்ஸில் நானும் அண்ணியும் வருகிறோம். கொசுவலை கொண்டு வருகிறேன். அண்ணைக்குச் சொல்லிவிட்டேன். அவர் தானே போய் பஸ் சீட்டை எடுத்து வந்தார்.

நான் வரும்வரை அந்தக் கடிதம் உங்கள் மேசையில் இருக்கட்டும். இதை மட்டும் எனக்காகச் செய்யுங்கோ.

சரோ

*

மலாக்கா, தங்கையா வீடு,
28 செப்டம்பர் 1933

அன்புள்ள சரோ,

இதைச் சொல்வது நான், எழுதுவது தங்கையா மச்சான். டாக்டர் என்னை எழுத விடவில்லை. எனவே என் மனதில் உள்ளதை எல்லாம் உன் அண்ணன் காதில் போட வேண்டிய தண்டனை எனக்கு. (தண்டனை எனக்கும்தான். - தங்கையா)

நீ எஸ்டேட்டிலும் நான் உன் அண்ணன் வீட்டிலும் இருப்போம் என்று ஒரு மாதத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சனிக்கிழமை மாலையை மறுபடி மறுபடி நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ வந்தாய். தேநீர் குடித்தாய். பொழுதுபட்டதும் தொலைநோக்கியைத் திருப்பி, பட்டகத்தில் கண்ணை வைத்து வெகுநேரம் நின்றாய். உனக்கு என்ன தெரிகிறது என்று கேட்டேன். "பிறகு சொல்லுறன், இதில இருங்கோ" என்று நாற்காலியைக் காட்டினாய். என்னை நேரே பார்க்கச் சொல்லிவிட்டு எங்கோ நகர்ந்து போனாய். சத்தமே இல்லை. நான் பொறுமை இழந்து, "விளக்கை ஏற்றப் போகிறாயா இல்லையா?" என்றேன். குஞ்சம்மாதான் அழுதுவிட்டாள். "ஏத்தித்தான் இருக்கு டிரசரையா. அம்மா ஒங்க பக்கத்துலயே புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்களே" என்றாள்.

திரும்பினேன். அப்போதுதான் விளக்கு தெரிந்தது. சிவப்புத் தாள் சுற்றிய விளக்கு. எனக்குச் சாம்பலாக இருந்தது.

நீ "பார்த்தீர்களா" என்று சொல்லவில்லை. உன் கையை என் கண்மேல் வைத்தாய். 

டாக்டர் சொன்னது: குவினைன்தான். சிலருக்கு உடம்பு தாங்காதாம். நேர்பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும், நிறமும் திரும்பக்கூடும். பக்கப் பார்வையும் இருட்டுப் பார்வையும் முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல மாட்டேன் என்றார்.

பக்கத்து எஸ்டேட் டிரசர் வாரத்தில் இரண்டு நாள் வருவார் என்றாலும் மற்ற நாட்களில் மருந்தை அளந்து கொடுக்க ஆள் வேண்டும் என்று நீ அங்கேயே தங்கிவிட்டாய். நான்கு வருடம் என் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியதே அதற்குப் போதும் என்றாய். பள்ளி விடுமுறை முடிய இன்னும் நாள் இருக்கிறது என்றாய். ஆனால் அந்த மண்ணில் இனி கால் வைக்கமாட்டேன் என்றும் நீதான் சொன்னாய். பொழுதுபட்டால் நெடுங்கைச் சட்டை போடு. வலைக்குள் படு. நட்சத்திரம் பார்க்க முற்றத்தில் நிற்கும்போது காலடியில் வேப்பிலைப் புகை போடச் சொல்.

நான் வந்ததிலிருந்து உன் அண்ணன் என்னோடு நட்சத்திரம் தவிர எல்லாம் பேசுகிறார். (இது உண்மை. - தங்கையா)

சிற்றம்பலம்

*

பெம்பான்,
3 அக்டோபர் 1933

அன்புள்ள அத்தான்,

அண்ணை வாசித்துக் காட்டுவார் என்று தெரிந்தே எழுதுகிறேன். அண்ணை, இடையில் இருமாமல் வாசியுங்கோ.

அன்றைக்குப் பட்டகத்தில் நான் என்ன பார்த்தேன் என்று சொல்லவே இல்லை. மணி இருக்கிறது, அத்தான். நேற்றும் இருந்தது. நிலா வெளிச்சத்தில் நிறப்பட்டை ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது. கறுப்புத் துணியில் ஒரு சிவப்பு ஊசிமுனை மட்டும் நிற்கிறது. மற்ற நிறங்கள் எல்லாம் போன பிறகும் அது அணையவில்லை. நீங்கள் எழுதியதை வாசித்தபோது இவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைக்கவில்லை. கண்ணாடித் துண்டு என்று கேலி செய்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இங்கே காய்ச்சல் குறைகிறது. தடுப்பு மாத்திரையை எண்ணிக் கொடுக்கிறேன், யார் கெஞ்சினாலும் ஒன்றுகூட அதிகமில்லை. மாயாண்டி கங்காணி, "டிரசரம்மா ரொம்ப கண்டிசன்லா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். துரை வந்தார். உங்கள் டாக்டர் எழுதிய தாளைக் காட்டினேன். ஒரே ஒரு டிரசர், அவரும் கண் போய்க் கிடக்கிறார், கான்களில் புழு நெளிகிறது, லேபர் ஆபீஸிலிருந்து யாராவது வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டேன். அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றார். மறுநாள் காலையில் எண்ணெய் டின்கள் லாரியில் வந்து இறங்கின. நீங்கள் ஒரு வருடம் பணிவாக எழுதிக் கேட்டீர்கள். நான் கொஞ்சம் பணிவில்லாமல் கேட்டேன், அவ்வளவுதான்.

நேற்று ஒரு குழந்தை பிறந்தது. சுப்பம்மா என்ற பெண்ணுக்கு. நான் விளக்குப் பிடித்தேன், குஞ்சம்மா மற்ற எல்லாவற்றையும் செய்தாள். பிள்ளையைத் துடைத்து என் கையில் தந்தபோது இந்த எஸ்டேட்டை நான் மறுபடி வெறுக்கப் பார்த்தேன். முடியவில்லை. பிள்ளை அவ்வளவு சூடாக இருந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். நீங்கள் இல்லாதபோது அழுததில் எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. பிறகு நீங்களும் இப்படித்தான் என்னைக் கொண்டுபோய் மலாக்காவில் விட்டுவிட்டு வந்த அன்று இதே அறையில் இருந்திருப்பீர்கள் என்று தோன்றியது.

எனக்குக் காய்ச்சல் இல்லை. சட்டை, வலை, புகை எல்லாம் உண்டு.

சரோ

*

மலாக்கா,
15 அக்டோபர் 1933

அன்புள்ள சரோ,

இது என் கை. எழுத்து பெரிதாக இருந்தால் சிரிக்காதே. நேரே பார்ப்பது நன்றாகத் தெளிந்துவிட்டது. நேற்றுப் பத்திரிகையை வாசித்தேன். சந்திராதேவி அக்கா முற்றத்தில் காயப்போட்ட மிளகாயைப் பார்த்து, "இது சிவப்பு" என்று சொன்னேன். "பின்னை என்ன, பச்சையோ?" என்றா. பிறகு ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளங்கி, உள்ளே போய் உன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்து, மறுபடி சொல்லச் சொன்னா.

ஆனால் பொழுதுபட்டால் எனக்கு உலகம் ஒரு குழாய்க்குள் போய்விடுகிறது. உன் அண்ணன் தினமும் மாலையில் என் முழங்கையைப் பிடித்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறார். நேற்று அங்கே நின்று, "அது எங்க நிக்குது?" என்று கேட்டார். எது என்றேன். "உங்கட வெள்ளி" என்றார். எனக்குத் தெரியாது மச்சான், வானமே தெரியவில்லை என்றேன். அவர் என்னை வீட்டுப் பக்கம் திருப்பினார். பிறகு, "அவளுக்குத் தெரியும்தானே" என்றார்.

அந்தப் பழைய கடிதத்தை அனுப்பாமல், சங்கத்துக்குப் புதிதாக எழுதிவிட்டேன். காய்ச்சலுக்குப் பிறகு நான் போட்ட எண்கள் அத்தனையும் தள்ளப்பட வேண்டியவை, பார்த்தவரின் கண்ணில் கோளாறு, சிவப்பு மணி மறையவில்லை என்று எழுதினேன். எழுதும்போது கூசியது. எழுதி முடித்ததும் நன்றாக நித்திரை வந்தது. உன் எண்களைத் தனியாக, உன் பெயரிலேயே அனுப்பியிருக்கிறேன். சரோஜினி சிற்றம்பலம், மலாக்கா.

இன்னொரு விஷயம். எஸ்டேட் வேலையை விடுகிறேன் என்று துரைக்கு எழுதிவிட்டேன். நீ கேட்டதற்காக என்று சொன்னால் பொய்யாகும். லயத்திலிருந்து இருட்டில் கூப்பிட்டால் என்னால் நடந்து போக முடியாது, மங்கல் விளக்கில் மருந்துப் புட்டியை மாற்றி எடுத்துவிடுவேன். அந்தச் சனத்துக்கு என்னைவிட நல்ல கண் உள்ளவன் வேண்டும். பெரியதம்பி என்ற பொடியன், சிரம்பானில் பயிற்சி முடித்தவன், மாத முடிவில் வருகிறான். கூட ஒரு உதவியாளும் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

எஸ்டேட்டுக்கு வெளியே, பெம்பான் கடைத்தெருவில் அரசாங்க மருந்துச்சாலையில் பகல் வேலைக்கு ஆள் தேடுகிறார்களாம், டாக்டர் எனக்காகச் சொல்லியிருக்கிறார். காலையில் போய்ப் பொழுதுபட முன் வந்துவிடலாம். பெம்பான் ஊருக்குள் காய்ச்சல் இல்லை. பழைய ஆட்கள் சந்தைக்கு வரும்போது வந்து பார்த்துப் போகவும் செய்யலாம். ஆனால் அது மலாக்கா இல்லை. நீ கேட்டது பட்டணம். எனவே சரி என்று இன்னும் சொல்லவில்லை. வேண்டாம் என்று நீ ஒரு வரி எழுதினால் இங்கேயே ஏதாவது தேடுவேன். இந்த முறை உன்னைக் கேளாமல் ஒன்றும் செய்வதாக இல்லை.

சிற்றம்பலம்

*

பெம்பான்,
19 அக்டோபர் 1933

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதத்தைக் காலையில் வாசித்தேன். மத்தியானம் மாயாண்டி கங்காணியைக் கூட்டிக்கொண்டு பெம்பான் கடைத்தெருவுக்கு நடந்தே போனேன்.

மருந்துச்சாலைக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. ஒரு சீனர் வீடு, பலகைச் சுவர். கூரை இரண்டு இடத்தில் ஒழுகும் என்று அவரே சொன்னார். கான் சுத்தமாக ஓடுகிறது, குனிந்து பார்த்தேன். பின்பக்கம் மேற்கே மரம் இல்லை, வயல். தொலைநோக்கியை வைக்க இடம் பார்த்துவிட்டேன். பெண்பிள்ளைகளுக்கு இங்கே பள்ளி இல்லை. ஒன்று தொடங்கினால் பிள்ளைகள் வருவார்களா என்று கடைக்காரரிடம் விசாரித்தேன். "மொத புள்ள என் மவதான்" என்றார். எனக்குப் பட்டணம் வேண்டியிருந்தது உண்மை. அதைவிட, என்னைக் கேட்கிற ஒருவர் வேண்டியிருந்தது. வீட்டைப் பேசி முடித்துவிட்டேன்.

நட்சத்திரம் மேற்கே தாழ்ந்துவிட்டது. மங்கிக்கொண்டேதான் போகிறது. இன்னும் சில வாரங்களில் சூரியனோடு சேர்ந்து இறங்கிவிடும், பிறகு வருடம் திரும்பித்தான் பார்க்கலாம். நான் பார்த்து எண் சொல்கிறேன். நீங்கள் எழுதுங்கோ. பட்டகத்தில் என்ன நிறம் என்றும் சொல்கிறேன், ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல்.

குஞ்சம்மாவிடம் போகிறேன் என்று சொன்னேன். "எங்க, மலாக்காவுக்கா?" என்றாள். இல்லை, பெம்பான் கடைத்தெருவுக்கு என்றேன். "அட, சந்தைக்கு வந்தா காப்பி உண்டா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் அவளுக்கு.

அண்ணையும் அண்ணியும் உங்களோடு வரட்டும். பகல் பஸ்ஸில் வாங்கோ. இங்கே நிற்கும் இடத்தில் எப்போதும் கூட்டம், லாரிகளும் வரும். நீங்கள் இறங்கியதும் அங்குமிங்கும் தேடிக் கஷ்டப்பட வேண்டாம், நான் நேரே எதிரில் நிற்பேன். இப்போது உங்களுக்கு எந்த நிறம் நன்றாகத் தெரிகிறது என்று மட்டும் எழுதி அனுப்புங்கோ. அந்த நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

சரோ